காகிதத்திலும் அம்மா ஆனேன்!

நான் இரண்டாம் தாரமாக வந்தபோது என் கணவரின் மகளுக்கு நாலு வயசு. பெற்றவர் இறந்துவிட்டார். ஸ்கூலில் சேர்க்கப் போனபோது, "நீங்க கார்டியன்தானே?" என்றார்கள். சுருக்கென்றது. கல்யாணம் ஆனதாலேயே சட்டப்படி தாயாகிவிட முடியாதாம்!

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்தோம். தத்தெடுப்புக்கான மத்திய அரசு இணையதளத்தில் இருவரும் பதிவு செய்து, திருமணச் சான்று, முதல் மனைவியின் இறப்புச் சான்று, கணவரின் சம்மதப் பத்திரம் எல்லாம் கொடுத்தோம். 2022 செப்டம்பர் முதல் இதற்குக் கோர்ட் இல்லை. கலெக்டர்தான் ஆணை தருகிறார். "இவங்க யாரும்மா?" என்று அதிகாரி கேட்டதும், "எங்க அம்மா" என்றாளே பார்க்கணும்!

விவாகரத்தானவர்கள் கவனிக்க: பெற்ற மற்றவரின் சம்மதமும் வேண்டும். குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடந்தால், அது முடிந்த பிறகே மனு. மனசால் தாயான தோழிகளே, தள்ளிப்போடாதீர்கள்!

- ஒரு வாசகி, திருச்சி.