போர்டு பழசு, சமையல் புதுசு!



பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ஹோட்டல் இருக்குன்னு வெச்சுக்குங்க. பல வருஷமா அங்கதான் சாப்பிடுறீங்க. ஒருநாள் ஓனர் கடையை வித்துட்டுப் போயிடுறார். புது ஓனர் போர்டை மாத்தலை. அதே பேர், அதே மேஜை. ஆனா முதல் வாய் சாம்பார்லயே உங்களுக்குத் தெரிஞ்சுடும்... இது அது இல்ல! புதுசா வர்ற ஆள் "நல்லாத்தானேய்யா இருக்கு" என்பார். உங்களுக்கு மட்டும் தொண்டையில் இறங்காது.

கம்ப்யூட்டர் விளையாட்டு உலகத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் உருவான 'ஃபால்அவுட்' என்ற விளையாட்டின் கதைதான் அது. 2024-இல் வந்த தொடரைப் பார்த்து நம்ம கிளாஸில் பாதிப் பேருக்கு இந்தப் பேர் தெரியும். எங்க வீட்டில் இதனால் ரெண்டு கட்சியே இருக்கு! சின்ன மாமா காலேஜ் ஹாஸ்டலில் நண்பன் கம்ப்யூட்டரில் பழைய ஃபால்அவுட் ஆடியவர். அண்ணன் மூன்றாம் பாகத்தில் ஆரம்பித்தவன். ரெண்டு பேரும் ஒரே ரூமில் இருந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். (இதெல்லாம் பெரியவங்களுக்கான விளையாட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் மட்டுமே. ஐயா கவனத்திற்கு!)

முதலில் ஒரு விளக்கம். 'ரோல் பிளேயிங் கேம்' என்றால் ஒரு ஆளாக வேஷம் கட்டி ஆடுவது. ரேஸ் விளையாட்டில் நீங்க காரை ஓட்டுறீங்க, அவ்வளவுதான். இதில் அந்த ஆள் பலசாலியா, பேச்சுக்காரனா, திருடனா என்று நீங்களே முடிவு பண்ணணும். அப்புறம் அந்த உலகம் உங்க முடிவுக்கு ஏத்தபடி பதில் சொல்லணும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்குங்க. சண்டை முழுக்க இதுக்காகத்தான்.

ஃபால்அவுட் 1997-இல் வந்தது. இன்டர்ப்ளே என்ற நிறுவனம் வெளியிட்டது. 1994-இல் டிம் கெய்ன் என்பவர் முதலில் தனி ஆளாகத்தான் வேலையை ஆரம்பித்தார். கதை இதுதான்: 2077-இல் அணுகுண்டுப் போர் நடந்து உலகம் சாம்பலாகிவிட்டது. கொஞ்சம் பேர் 'வால்ட்' எனப்படும் பாதாள அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். உங்க வால்ட்டில் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் சிப் கெட்டுப்போச்சு. 150 நாளைக்குள் வெளியே போய் வேற சிப் கொண்டு வரணும். இல்லேன்னா எல்லாரும் செத்தாங்க!

வழியில் தண்ணீர் வியாபாரிகள் கிடைப்பார்கள். காசு கொடுத்து வால்ட்டுக்குத் தண்ணீர் அனுப்பலாம், கெடு இன்னும் 100 நாள் நீளும். அப்பாடா என்று இருக்கும். ஆனால் அந்த வண்டித் தடத்தால் உங்க வால்ட் இருக்கும் இடம் எதிரிக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும் என்று வைத்திருந்தார்கள். நல்லது செய்யப்போய் வம்பு! உங்க ஆளுக்குப் புத்தி மார்க்கை ரொம்பக் குறைச்சு வெச்சா அவன் பேச்சே உளறலாகிவிடும். எதிரில் இருப்பவர்களும் பாவம் இவன் என்று அதற்கேற்ற மாதிரிப் பேசுவார்கள். மாமா ஒரு தடவை முழு விளையாட்டையும் இப்படி உளறியே முடித்தாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணும்...

எல்லாத்துக்கும் மேல, கடைசி வில்லன். 'மாஸ்டர்' என்று பேர். மனிதர்களை எல்லாம் சூப்பர் மியூட்டன்ட் என்ற ராட்சதர்களாக மாற்றி ஒரே இனமாக்கிவிட்டால் இனிமேல் போரே வராது என்பது அவன் திட்டம். அவனைச் சுட்டுக் கொல்லலாம். இல்லேன்னா, அந்த ராட்சதர்களுக்குப் பிள்ளையே பிறக்காது என்ற ஆதாரத்தைத் தேடிப் பிடித்து அவன் முன்னால் வைக்கலாம். தன் திட்டம் முழுக்க வீண் என்று அவனே உணர்ந்து தன்னை அழித்துக்கொள்வான். ஒரு குண்டு கூடச் செலவில்லை!

1998-இல் இரண்டாம் பாகம் வந்தது. பிறகு கம்பெனிக்குப் பணக் கஷ்டம். 2003 டிசம்பரில், ஃபால்அவுட் செய்துகொண்டிருந்த பிளாக் ஐல் பிரிவையே மூடிவிட்டார்கள். 'வான் ப்யூரன்' என்ற ரகசியப் பேரில் பாதி தயாராகியிருந்த மூன்றாம் பாகம் குப்பைக்குப் போனது. ரசிகர்களுக்கு அது சாவு வீடு மாதிரி.

2004-இல் பெதஸ்தா என்ற நிறுவனம் ஃபால்அவுட் செய்யும் உரிமத்தை வாங்கியது. 2007-இல் 57.5 லட்சம் டாலர் கொடுத்துப் பேரையே மொத்தமாக வாங்கிவிட்டது. செத்த பிள்ளை பிழைச்சு வந்தா சந்தோஷப்படணும் இல்லையா? பழைய ரசிகர்கள் கொதித்தார்கள்! ஏனென்றால் பெதஸ்தாவின் கைப்பக்குவம் வேறு. வாளும் மந்திரமும் கொண்ட 'ஆப்லிவியன்' என்ற விளையாட்டை 2006-இல் விட்டவர்கள் அவர்கள். பெரிய உலகம், கண்ணுக்கு நேரே காட்சி, இஷ்டத்துக்குச் சுற்றலாம். பழைய ஃபால்அவுட்டோ, மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்க்கிற மாதிரி சாய்வாக மேலிருந்து தெரியும். சண்டை சதுரங்கம் மாதிரி: நீ ஒரு முறை, நான் ஒரு முறை. "துப்பாக்கி கொடுத்த ஆப்லிவியன்தான் வரப்போகுது" என்று விளையாட்டு வருவதற்கு முன்பே கேலி கிளம்பிவிட்டது. மாமாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர். இன்னும் ஆடவே இல்லை, அதுக்குள்ள தீர்ப்பு!

2008 அக்டோபரில் ஃபால்அவுட் 3 வந்தது. கலிஃபோர்னியாவை விட்டு வாஷிங்டனுக்குக் கதை மாறியிருந்தது. சதுரங்கச் சண்டை போச்சு. அதற்குப் பதில் நேரத்தை நிறுத்திவிட்டு எதிரியின் கையா, காலா, தலையா என்று குறி வைக்கும் 'வாட்ஸ்' என்ற ஏற்பாடு. பழசை மறக்கவில்லை என்று காட்டவும் மெனக்கெட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் கதை சொல்லும் குரல் அதே ரான் பெர்ல்மன். பாட்டு அதே இங்க் ஸ்பாட்ஸ் குழு. ஊர் நடுவில் வெடிக்காத அணுகுண்டு கிடக்கும், அதைச் செயலிழக்கச் செய்யலாம் அல்லது ஊரோடு சேர்த்து வெடிக்கவும் வைக்கலாம். அண்ணனுக்கு இதெல்லாம் உயிர். பாதாளக் கதவு திறந்து முதல் தடவை வெளிச்சம் கண்ணைக் கூசும் இடத்தை அவன் நாலு தடவை எனக்குப் போட்டுக் காட்டியிருக்கான். நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன், மாமாவிடம் சொல்லவில்லை.

(நடுவில் நம்ம நாட்டுச் செய்தி ஒன்று. அந்த மாசமே, எக்ஸ்பாக்ஸுக்கான ஃபால்அவுட் 3-ஐ இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 'கலாசார உணர்வுகள்' என்று மட்டும் காரணம் சொன்னார்கள், எது என்று விளக்கவில்லை. அதில் வரும் இரண்டு தலை மாட்டுக்கு 'பிராமின்' என்று பேர் வைத்ததுதான் காரணமாயிருக்கும் என்று பலரும் ஊகித்தார்கள். அந்த மாடு 1997-லிருந்தே அங்கே மேய்ந்துகொண்டிருக்கிறது!)

சரி, விளையாட்டு தோற்றதா? இல்லை. அமோகமாக விற்றது, விருதுகளும் குவிந்தன. ஆனால் கடைசிக் காட்சியில் மாட்டிக்கொண்டார்கள்.

முடிவில் கதிர்வீச்சு நிறைந்த ஒரு அறைக்குள் யாராவது போய் எந்திரத்தை இயக்கணும். போனால் சாவு. உங்க கூடவே ஃபாக்ஸ் என்ற நல்ல சூப்பர் மியூட்டன்ட் நண்பன் இருக்கலாம். அவனைக் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது. இதே கதையில் கொஞ்ச நேரம் முன்னாடிதான் வேறொரு கதிர்வீச்சு அறைக்குள் போய் உங்களுக்காக ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வந்தான். "நீ போய் சுவிட்சைப் போடேன்பா" என்று கேட்டால், இது உன் விதி, நான் தடுக்கமாட்டேன் என்கிற மாதிரித் தத்துவம் பேசி ஒதுங்கிவிடுவான்! நான் பார்த்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணன் சிரிக்கலை. அறுபது மணி நேரம் ஆடியவனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

இந்த இடத்தில் பழைய ரசிகர்கள், புது ரசிகர்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். 2009-இல் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' என்ற கூடுதல் பகுதியில் பெதஸ்தா இறங்கி வந்தது. ஃபாக்ஸ் உள்ளே போகச் சம்மதித்தான், கதையும் அதோடு முடியாமல் தொடர்ந்தது.

இப்ப எனக்குத் தோன்றுவதைச் சொல்றேன். ரசிகர்கள் கேட்டதில் ரெண்டு வகை இருந்தது. கேமரா எங்கே இருக்கணும், சண்டை முறை வைத்தா இல்லையா என்பது ஒன்று. நான் எடுத்த முடிவுக்கு உலகம் பதில் சொல்லணும் என்பது இன்னொன்று. முதல் வகையைத்தான் உரக்கக் கத்தினார்கள், ஏன்னா அது போட்டோவைப் பார்த்தாலே தெரியும். ஆனால் மனசு முறிந்தது இரண்டாவதில்தான்.

எப்படிச் சொல்றேன்னு கேப்பீங்க. 2010-இல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' வந்தது. பெதஸ்தா அதை அப்சிடியன் என்ற நிறுவனத்திடம் செய்யக் கொடுத்தது. அப்சிடியனை 2003-இல் ஆரம்பித்தவர்கள் பழைய பிளாக் ஐல் ஆட்கள்! இயக்கிய ஜோஷ் சாயர், கைவிடப்பட்ட அந்த வான் ப்யூரனில் வேலை பார்த்தவர். அதற்காக யோசித்து வைத்த சீசரின் படையும் ஹூவர் அணையும் இதில் உயிர் பெற்றன. சுமார் ஒன்றரை வருஷத்தில் அவசரமாகச் செய்ததால் வெளிவந்தபோது பிழைகள் ஏராளம். கேமரா? ஃபால்அவுட் 3-இல் இருந்த அதேதான். வாட்ஸும் அதேதான். சதுரங்கச் சண்டை திரும்பி வரவே இல்லை. ஆனால் பழைய ரசிகர்களில் ரொம்பப் பேர் "இதுதாம்பா எங்க ஃபால்அவுட்" என்றார்கள். ஏன்? அணை யாருக்கு என்பதை நீங்க முடிவு பண்ணலாம். ஒவ்வொரு ஊரும் உங்களால் என்ன ஆச்சு என்று கடைசியில் படம் படமாகக் காட்டும். இறுதியில் வரும் தளபதியை, மாஸ்டரைப் போலவே, பேசியே திருப்பி அனுப்பலாம்!

இதுக்கு நேர் எதிரான வேடிக்கை ஒன்றும் நடந்தது. 'பால்டர்ஸ் கேட்' என்ற இன்னொரு பழைய தொடரை பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் எடுத்துச் செய்தது. அவர்கள் சண்டையை முறை வைத்து ஆடும்படி மாற்றினார்கள். அங்கே ரசிகர்கள் "ஏன் முறை வைச்சீங்க, பழசில் இல்லையே" என்று கோபித்தார்கள்! ஃபால்அவுட்காரர்கள் அழுததும் இதுக்குத்தான், இவர்கள் அழுததும் இதுக்குத்தான்! லாரியன் கொஞ்சம் சாமர்த்தியம். 2020 அக்டோபரில் முதல் அத்தியாயத்தை மட்டும் விற்று, ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டு, 2023 ஆகஸ்டில் முழுசாக விட்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதும் கிடைத்தது. அப்படியும் முடிவு சட்டென்று நின்றுவிடுகிறது என்று முணுமுணுப்பு. நவம்பரில் தோழர்கள் எல்லாரும் மறுபடி கூடும் காட்சி ஒன்றைச் சேர்த்தார்கள். இங்கேயும் கடைசியில் முடிவில்தான் வந்து நின்றது பாருங்க.

அரைப் பரீட்சை லீவில் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அண்ணன் ஒன்றும் பேசாமல் நியூ வேகஸைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். மாமா கொஞ்ச நேரம் ஸ்க்ரீனை முறைத்தார். "இதுல பேசியே ஜெயிக்க முடியுமாடா?" என்றார் என்னிடம். முடியும் மாமா என்றேன். சரி என்று உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கலை. அத்தை ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஊருக்குக் கிளம்பும்போது, பையை மாட்டிக்கிட்டே, அண்ணன் இல்லாத நேரம் பார்த்து என் காதில் கேட்டார்: "அந்த மூணாவதும் உங்கிட்ட இருக்கா? சும்மா... பார்க்கத்தான்."

– 12 'ஆ' பிரிவு