மக்களின் சொத்தான கவிதை

பல்லாவரத்துப் பள்ளி விழாக்களில் பிள்ளைகள் பாரதியாரின் பாடல்களைப் பாட எவரிடமும் அனுமதி பெறுவதில்லை, கட்டணமும் செலுத்துவதில்லை. இவ்வுரிமை தானாக வந்ததன்று. 1928இல் ஆங்கிலேய அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. விடுதலைக்குப் பின், ஓமந்தூரார் ஆட்சியில், 1949இல் சென்னை மாகாண அரசு அவர் படைப்புகளின் பதிப்புரிமையைப் பெற்றது. திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையை விலையின்றி அளித்தார். 1955இல் அப்படைப்புகள் மக்களின் பொதுச்சொத்தாயின.

பொருளியல் நோக்கில் இது சிறந்த முதலீடு. ஏரி நீர் எடுக்க எடுக்கக் குறையும். பாடல் பாடப் பாடப் பெருகும். ஆயினும், மறைந்த கவிஞரைப் பொதுவாக்குவது எளிது. அதிகாரத்தை வினவும் இன்றைய கவிஞரின் நூல் பறிமுதலுக்கு அஞ்சாது உலவ இடமளிக்கிறோமா என்பதே மக்களாட்சியின் உரைகல்.