நம் குடும்பத்தின் வரலாறு

மாணவர்களே, உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து யாருடையது என்று கேட்டால் உடனே விடை கூறுவீர்கள். அது தந்தையின் பெயரிலுள்ள முதல் எழுத்து. தந்தையின் தலைப்பெழுத்து தாத்தாவினுடையது. அதுவரையில் தடையில்லை. தாத்தாவின் தலைப்பெழுத்து யாருடையது? என் வகுப்பில் ஆண்டுதோறும் இக்கேள்வியைக் கேட்டு வருகிறேன். மூவரோ நால்வரோ விடை கூறுவர். தாத்தாவின் தாயார் பெயர் யாது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இது உங்கள் குற்றமன்று. நாம் பெயரிடும் முறை அவ்வாறு அமைந்துள்ளது. உங்களுடன் பயிலும் வட இந்திய நண்பர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் மாறாமல் தொடர்கிறது. நம்மிடையே, முருகனின் மகன் கந்தன் 'மு. கந்தன்' என்று கையொப்பமிடுவார். கந்தனின் மகன் வேலன் 'க. வேலன்' ஆவார். இரண்டே தலைமுறையில் முருகனின் பெயர் மறைந்துவிடுகிறது. முருகனின் மனைவி பெயரோ தொடக்கத்திலிருந்தே எந்த எழுத்திலும் இடம்பெறவில்லை.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். பேரனுக்குத் தாத்தாவின் பெயரையும் பேத்திக்குப் பாட்டியின் பெயரையும் இட்டனர். பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. பெயர்த்தி, பேத்தி ஆயிற்று. சிலர் தந்தை பெயருடன் ஊர்ப் பெயரையும் தலைப்பெழுத்தாகச் சேர்த்தனர். உ.வே.சா. என்பதில் 'உ' உத்தமதானபுரம் என்னும் ஊரையும், 'வே' தந்தையார் வேங்கடசுப்பையரையும் குறிக்கும். அப்பெரியார் தம் வாழ்க்கை வரலாறாகிய 'என் சரித்திரம்' என்னும் நூலைத் தம் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. தம் ஊரிலிருந்தும் முன்னோரிலிருந்தும் தொடங்கினார்.

இனி என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். என் தந்தையைப் பெற்ற ஆச்சி, நான் கல்லூரியில் பயின்றபோது காலமானார். அவர் மடியில் வளர்ந்தவன் நான். எனினும் அவருடைய தாயார் யார், எந்த ஊரார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. பின்னர், பணியின் பொருட்டு வடக்கே வந்த பிறகுதான் அவ்வெண்ணம் எழுந்தது. விடுமுறையில் ஊருக்குச் சென்று பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு மொய் நோட்டு இருந்தது.

மொய் நோட்டை உங்களுள் சிலர் பார்த்திருக்கக்கூடும். திருமணம், காதணி விழா முதலியவற்றில் வாசலருகே ஒருவர் அமர்ந்து, யார் எவ்வளவு பணம் வழங்கினார் என்று எழுதிக்கொள்ளும் ஏடு அது. திருப்பிச் செய்ய வேண்டிய கடமைக்காக எழுதப்படும் கணக்கே ஆயினும், ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்படுவதால், ஒரு நாளில் அக்குடும்பத்திற்கு உறவாக இருந்தோர் அனைவரும் அதில் பதிவாகிவிடுகின்றனர். குடும்ப வரலாறு தேடுவோர்க்கு இதனினும் சிறந்த ஏடு கிடைப்பது அரிது என்பது என் கருத்து. ஆனால் விழா முடிந்து சில ஆண்டுகளில் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடப்படுவதும் இந்த ஏடுதான்.

எங்கள் வீட்டு நோட்டு என் தந்தையின் காதணி விழாவில் எழுதியது. தொகைகள் எட்டணா, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்றிருந்தன. முதல் வரியில் தாய்மாமன் சீர் எழுதப்பட்டிருந்தது. அவர் ஆச்சியின் அண்ணன். பெயரும் ஊரும் தெளிவாக இருந்தன. அவ்வூருக்குப் பேருந்தில் சென்றேன். அங்கிருந்த முதியவர் ஒருவர் உறவு முறையைக் கேட்டறிந்து, திண்ணையில் அமர்த்தி, ஆச்சியின் தந்தையார் பெயரைச் சொன்னார். தாயார் பெயரைக் கேட்டபோது, "கருப்பட்டி ஆச்சின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. சந்தையில கருப்பட்டி விப்பாங்க" என்றார். இயற்பெயர் அவருக்கும் தெரியவில்லை. அதை அறிந்திருந்த ஒருவர் என் ஆச்சி. அவரிடம் கேட்க எனக்கு இருபது ஆண்டுகள் இருந்தன.

உங்களுக்கு அந்நிலை நேராதிருக்க, எங்கே தேடலாம் என்று பார்ப்போம். பழைய திருமண அழைப்பிதழ்களில் மணமக்களின் தாத்தா பெயரும் ஊரும் காணப்படும். நிலப் பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தந்தையின் பெயர் சேர்த்தே எழுதப்படும். சாதக நோட்டுகளில் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் இருக்கும். கிறித்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேடு உதவும். பெண்களின் பெயரைத் தேடுவோர் சமையலறைக்குச் செல்ல வேண்டும். சீராக வந்த பித்தளைக் குடத்திலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் பெயர் வெட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி, தில்லியிலுள்ள தன் வீட்டில் அரிசி அளக்கும் படியில் தன் கொள்ளுப்பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். பிறந்தது முதல் அவள் கண்முன் இருந்த படி அது.

நீங்கள் ஹரித்வாரம் செல்ல நேர்ந்தால், அங்குள்ள பண்டாக்கள் வைத்திருக்கும் நீண்ட ஏடுகளைப் பாருங்கள். தம்மிடம் வரும் யாத்திரிகர்களின் பெயர்களை ஊர்வாரியாகவும் குலவாரியாகவும் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகின்றனர். உங்கள் வட இந்திய நண்பர் தம் முன்னோர் பெயரை அங்கே காணக்கூடும். நம்மில் பெரும்பாலோர்க்கு அவ்வாறு எழுதி வைத்தவர் எவருமில்லை. நாமே எழுத வேண்டும்.

காலத்தைக் கணக்கிடுவதில் சிறிது கவனம் தேவை. முதியோர் பலர் ஆண்டை எண்ணால் கூறமாட்டார்கள். "தாது வருஷத்தில் பிறந்தவர்" என்பார்கள். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் மீண்டும் வரும். பெரும்பஞ்சம் வாட்டிய 1876ஆம் ஆண்டில் தொடங்கியதும் தாது. 1936இல் தொடங்கியதும் தாது. எந்தத் தாது என்பதை, அவருடைய பிள்ளைகளின் வயதைக் கொண்டு நீங்களே முடிவு செய்ய வேண்டும். "தனுஷ்கோடிப் புயலுக்கு மறுவருஷம்" என்றால் 1965. "ஓரணாவுக்கு இட்லி தின்றேன்" என்றால் பெரும்பாலும் 1957க்கு முன்பு. அவ்வாண்டு ஏப்ரலில்தான் ரூபாய்க்கு நூறு காசு என்னும் நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும் சில காலம் மக்கள் அணாக் கணக்கிலேயே பேசினர் என்பதையும் மறவாதீர்கள்.

ஏடுகளைவிட முதன்மையானவர் உயிரோடிருக்கும் தாத்தாவும் பாட்டியுமே. "பழைய கதை சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "என்ன இருக்கு சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். சிறியதாகவும் குறிப்பாகவும் கேளுங்கள். உங்கள் கல்யாணத்திற்கு எந்தெந்த ஊரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள்? வீட்டில் எத்தனை மாடு? அப்பா முதன்முதலில் வடக்கே வேலைக்குப் புறப்பட்ட அன்று என்ன சமைத்தீர்கள்? ஒரு புகைப்படத்தையோ பாத்திரத்தையோ கையில் கொடுத்துக் கேட்டால் நினைவு தானே ஊறிவரும். சில கேள்விகளுக்கு அவர்கள் விடை தர விரும்பமாட்டார்கள். இறந்த குழந்தை, பிரிந்த தம்பி, விற்ற நிலம் என எல்லாக் குடும்பங்களிலும் அத்தகையவை உண்டு. அங்கே வற்புறுத்துதல் கூடாது.

உறவு முறையைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 'அங்கிள்' என்று எழுதி வைத்தால், பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா, அத்தையின் கணவரா என்று பின்னர் ஒருவராலும் அறிய இயலாது. ஒரே நிகழ்ச்சியைத் தாத்தா ஒருவிதமாகவும் அவர் தம்பி வேறுவிதமாகவும் கூறினால், இரண்டையும் எழுதி, யார் எந்நாளில் கூறினார் என்று அருகில் குறியுங்கள். தீர்ப்புக் கூறும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வதாயின் முதலில் இசைவு பெறுங்கள். பதிவின் படியொன்றை வேறிடத்திலும் வையுங்கள். புகைப்படத்தின் பின்புறம் பெயர்களைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

வரும் கோடை விடுமுறையில் உங்களுள் பலர் ஊருக்குச் செல்வீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், பெற்றோர் இருவர், தாத்தா பாட்டியர் நால்வர், அவர்களைப் பெற்றோர் எண்மர் என்று கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். அந்த எட்டில் நான்கு கட்டங்கள் பெண்களுக்கு உரியவை. அவற்றை முதலில் நிரப்ப முயலுங்கள். நாள்தோறும் எழுதியதை மாலையில் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் தவறாக எழுதிய ஊரையும் பெயரையும் அவர் திருத்துவார். திருத்தும்போது மேலும் இரண்டு பெயர்களைச் சொல்வார். பென்சிலைக் கையிலேயே வைத்திருங்கள்.