வாடகை வீட்டின் இலாபத்தைத் தின்பது நீர்தான்

தெஹிவளையில் காலி வீதிக்கு இரு பக்கமும் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு ஒரு கடை இருப்பது போலவே ஒரு வாடகை வீடும் இருக்கிறது. சிலர் கீழ்மாடியில் தாம் இருந்துகொண்டு மேல்மாடியைக் கொடுத்திருப்பார்கள். சிலருக்கு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ். இன்னும் சிலர் சவூதியிலும் கட்டாரிலும் உழைத்த காசில் ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கிப் போட்டிருப்பார்கள். கடை வியாபாரம் படுத்த மாதத்திலும் வாடகை வந்து சேரும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். கணவரை இழந்த பெண்கள், உழைக்க முடியாத வயதானவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இந்த வாடகையில்தான் எரிகிறது. ஆனால் கடையில் ஒரு பெட்டி சவர்க்காரத்துக்குக்கூட கொள்முதல் விலை, விற்பனை விலை என்று கணக்குப் பார்க்கும் நாம், வீட்டு விடயத்தில் மாதா மாதம் கைக்கு வரும் தொகை முழுவதையும் இலாபம் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கணக்குத் தலைகீழாகிவிட்டது. அந்த ஆண்டில் 50 கிலோ சீமெந்துப் பக்கெட் ஒன்று மூவாயிரம் ரூபாவைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் கூட்டப்பட்டது. இதைக் கண்டு பயந்த வீட்டுக்காரர்கள் அநேகர் ஒரே முடிவைத்தான் எடுத்தார்கள்: "இப்போதைக்குத் திருத்த வேலை வேண்டாம், சாமான் விலை குறையட்டும் பார்க்கலாம்." என் அபிப்பிராயத்தில் சிக்கனம் என்ற பெயரில் செய்யப்படும் செலவுகளில் மிகப் பெரியது இதுதான்.

ஹார்ட்வெயார் வியாபாரி என்பதால் ஒரு விடயத்தை அடிக்கடி காண்கிறேன். வாடகைக்கு இருந்தவர் வீட்டை விட்டுப் போனதும் சொந்தக்காரர் கடைக்கு வருவார். "நானா, சுவரெல்லாம் கறை பிடிச்சிருக்கு. நல்ல பெயின்டா ரெண்டு வாளி தாங்க" என்பார். கறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஈரச் சுவரில் எவ்வளவு விலை கூடிய பெயின்டை அடித்தாலும் ஆறு மாதத்தில் கொப்புளித்து உரிந்துவிடும். விற்பவனே வாங்க வேண்டாம் என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். இருந்தாலும் சொல்கிறேன்: முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள், பெயின்டுக்குப் பிறகு வாருங்கள். நமது பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்கு ஏற்படும் பெரிய செலவுகளில் முக்கால்வாசி ஏதாவதொரு வழியில் நீரால்தான் வருகிறது. மழை நீர், நிலத்து ஈரம், குழாய்த் தண்ணீர், கடற்காற்றோடு வரும் உப்பு ஈரம் என்று அதற்குப் பல முகங்கள்.

காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள வீடுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே எதிரி துரு. கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்பு ஈரம் போய்ச் சேர்ந்தால் அது துருப்பிடிக்கும். துரு, தான் உண்டான இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். உள்ளே இடம் இல்லாததால் கொங்கிரீட்டை வெளியே தள்ளி வெடிக்க வைக்கும். ஸ்லெப்பின் அடிப்பக்கத்தில் நூல் போல ஒரு வெடிப்பும், அதன் ஓரத்தில் செம்மண் நிறக் கறையும் தெரிந்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பாஸைக் கூப்பிட்டு, உடைந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியைப் பிரஷ்ஷால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, நல்ல கலவையால் மூடினால் ஓரிரு நாள் வேலையோடு முடிந்துவிடும். இரண்டு வருடம் விட்டால் கம்பி பாதியாக மெலிந்து, ஸ்லெப்பின் ஒரு பகுதியையே உடைத்து வார்க்க வேண்டி வரும்.

இதிலே நம்மவர்களுக்கு என்றே ஒரு தனிப் பழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு இன்னொரு மாடி கட்டலாம் என்று மேல் ஸ்லெப்பில் தூண் கம்பிகளை நீட்டி விட்டு வைப்பது. எத்தனை வீடுகளில் பத்து, பதினைந்து வருடமாக அந்தக் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன! கடற்காற்றில் துருப்பிடித்த கம்பியைச் சுற்றி மழை நீர் இறங்கிக் கீழே உள்ள தூணுக்குள் போகிறது. நாளை மாடி கட்டும்போது அந்தக் கம்பியை நம்ப முடியாது என்பதோடு, இன்று இருக்கும் தூணும் கெட்டுவிடும். உடனே கட்டுகிற எண்ணம் இல்லை என்றால் கம்பிகளுக்குச் சீமெந்துப் பால் பூசி, வலுக்குறைந்த கொங்கிரீட்டால் மூடி விடுங்கள். வேண்டிய நாளில் தட்டி எடுக்கலாம்.

கடற்கரைப் பக்கத்தில் தகரப் பீலி போடுவதும் வீண் வேலை. பீவீசீ பீலி துருப்பிடிக்காது. கூரைத் தகட்டைப் பிடித்திருக்கும் கொக்கி ஆணிகளையும் வோஷர்களையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கூரை ஒழுக்கில் பாதி, தகடு உடைந்து வருவதல்ல, ஆணித் துளையால் வருவது. அஸ்பெஸ்டஸ் தகட்டுக் கூரை உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பாசியை அகற்றுகிறேன் என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவோ, காய்ந்த தகட்டில் துளையிடவோ வேலையாளை விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெரும் கேடு.

பீலியில் இலை அடைத்தால் சுவர் நனைவது மட்டுமல்ல, நுளம்பும் பெருகும். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு கண்டது. நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பவர் மீது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். குடியிருப்பவர் மட்டுமல்ல, வீட்டுச் சொந்தக்காரரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார். வாடகைக்காரர் ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பீலி துப்புரவு செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அது சொந்தக்காரரின் வேலை.

நெடிமால, அத்திடிய பக்கம் போனால் கதை வேறு. அங்கே கடற்காற்றின் தாக்கம் குறைவு, ஆனால் சதுப்புக்கும் கால்வாய்க்கும் அருகிலுள்ள தாழ்ந்த நிலம். ஈரம் கீழிருந்து மேலே ஏறும். சுவரின் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் காரை உப்புப் பூத்து உதிர்வது அதனால்தான். மண்ணை வெளிச்சுவரோடு ஒட்டிக் குவித்து வைப்பது, பூச்சட்டிகளை வரிசையாக அடுக்கி அதற்குத் தண்ணீர் ஊற்றுவது, முற்றத்தைக் கொங்கிரீட் போட்டு உயர்த்தி உள் நிலத்தை விடப் பள்ளமில்லாமல் செய்வது எல்லாம் ஈரத்தை உள்ளே அழைக்கும் காரியங்கள். வெளிநிலத்தை வீட்டிலிருந்து விலகிச் சரியும்படி செய்து ஒரு சிறு கான் வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். டைல்ஸ் ஒட்டி ஈரத்தை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி அங்கே உரிக்கும், அவ்வளவுதான்.

இனி வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர். சொட்டும் குழாயை எல்லோரும் கவனிப்பார்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்குச் சுமார் 20 லீற்றர்தான் போகும். உண்மையான திருடன் கொமட்டின் சிஸ்டன். சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் கசிந்தால் ஒரு நாளைக்கு 288 லீற்றர், மாதத்துக்கு எட்டரை யுனிட்டுக்கும் மேல். நீர்க்கட்டணம் பாவனை கூடக் கூட யுனிட்டின் விலையும் ஏறும் முறையில் அறவிடப்படுவதால், இந்த எட்டரை யுனிட்டும் விலை கூடிய படியில்தான் போய் விழும். கண்டுபிடிப்பது சுலபம். உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சிஸ்டனுக்குள் கொஞ்சம் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் பாவிக்காமல் விடுங்கள். கிண்ணத்தில் நீலம் தெரிந்தால் வோஷர் போய்விட்டது. வீடு முழுவதையும் சோதிக்க வேண்டுமென்றால் இரவு படுக்கும்போது நீர் மீற்றரைப் பார்த்து எழுதி வைத்து, காலையில் குழாய் திறக்குமுன் மறுபடியும் பாருங்கள்.

மேல் டாங்கியின் போல் வால்வ் பழுதானால் தண்ணீர் வழிந்து ஸ்லெப்பில் நிற்கும், அதாவது பணமும் போகும், ஸ்லெப்பும் கெடும். தானாக இயங்கும் பிரஷர் மோட்டர் உள்ள வீடுகளில் சிறு கசிவு இருந்தாலும் அழுத்தம் குறையும் ஒவ்வொரு தடவையும் மோட்டர் போட்டுப் போட்டு நிற்கும். யாரும் குழாய் திறக்காத நடுநிசியில் மோட்டர் சத்தம் கேட்டால் மோட்டர் பாஸைக் கூப்பிட வேண்டாம், பைப் பாஸைக் கூப்பிடுங்கள். மேல்மாடிக் குளியலறையிலிருந்து கீழே ஒழுகினால் முழு டைல்ஸையும் உடைக்க வேண்டும் என்று சில பாஸ்மார் சொல்வார்கள். அதற்கு முன் டைல்ஸ் இடைவெளிகளைச் சுரண்டி மீண்டும் நிரப்பி, தண்ணீர் போகும் துளையைச் சுற்றி அடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

மின்சாரத்தில் இரண்டு விடயம் மட்டும். ஒரே மீற்றரில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் இரண்டு குடும்பத்தின் பாவனையும் ஒன்றாகச் சேர்ந்து விலை கூடிய படிக்குப் போய்விடும். தனி மீற்றர் எடுத்தால் இருவருக்கும் இலாபம், "உங்க ஏசியாலதான் பில் கூடினது" என்ற மாதாந்தச் சண்டையும் இல்லை. அடுத்தது ட்ரிப் சுவிட்ச். மாதத்துக்கு ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். இது காசு மிச்சப்படுத்தும் விடயமல்ல, உயிர் விடயம்.

வாடகைக்காரர் ஒரு பழுதைச் சொன்னால் "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். உதாரணத்துக்கு மாத வாடகை 60,000 ரூபா என்று வைப்போம். நல்ல குடும்பம் ஒன்று சலித்துப்போய் வீட்டை விட்டால் அடுத்தவர் வரும்வரை ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும்: 60,000. தரகருக்கு ஒரு மாத வாடகை: இன்னொரு 60,000. பெயின்ட், பூட்டு, சில்லறை வேலைகள்: 80,000. மொத்தம் இரண்டு இலட்சம். புதியவரிடம் மாதம் 5,000 கூடுதலாக வாங்கினாலும் வருடத்துக்கு 60,000தான். இழந்ததை எடுக்க மூன்று வருடத்துக்கும் மேலாகும். ஆகவே ஒழுங்காக வாடகை தருபவரை வைத்துக்கொள்வதே பெரிய சிக்கனம். வருடத்தில் ஒரு மாத வாடகையை வீட்டின் பங்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டால், பழுது என்று செய்தி வரும்போது முகம் சுளிக்க வேண்டி வராது.

வேலை செய்யும் காலமும் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். கூரை, ஸ்லெப், வெளிச்சுவர் வேலைகளைப் பெப்ரவரிக்குள் பேசி முடித்துவிடுங்கள். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்குப் பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்போது மழையும் வந்துவிடும். நாட்கூலிக்கா, வேலைக்கு இவ்வளவு என்றா என்பதைத் தொடங்குமுன் பேசுங்கள். சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள். (என் கடையில்தான் என்று சொல்லவில்லை!)

ஒப்பந்தம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். இருந்தும் தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுப்பது நம்மிடையே குறையவில்லை. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்பதற்கென 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் பயன் எழுத்தில் முறையாக ஒப்பந்தம் செய்தவருக்குத்தான். அந்த ஒப்பந்தத்திலேயே பழுதுகளையும் பிரித்து எழுதுங்கள். கூரை, சுவர், சுவருக்குள் இருக்கும் குழாயும் வயரும் சொந்தக்காரருக்கு. பல்ப், குழாய் வோஷர், உடைந்த கண்ணாடி குடியிருப்பவருக்கு. வீட்டைக் கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால், போகும் நாளில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது மனக்கசப்பு வராது.

கடைசியாக வரி. வருமான வரி செலுத்துபவர்கள் வாடகை வருமானத்தில் 25 வீதத்தைப் பழுதுபார்ப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்கான நிவாரணமாகக் கழிக்க முடியும். இதைக் கேட்டு எடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் கணக்காளரிடம் விசாரியுங்கள். மாநகர சபைக்குரிய சோலைவரியை முழு ஆண்டுக்கும் சேர்த்து ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக்குரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 வீதம். மாத இறுதியில் வரிசை நீளும் என்பதால் ஜனவரியின் முதல் இரண்டு வாரங்களுக்குள் போய் வருவது நல்லது. போகும்போது கடந்த ஆண்டுப் பற்றுச்சீட்டையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.