கச்சேரிக்குப் பின்னே நிற்பவர்கள்

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஆண்டு இசைவிழாவுக்காக ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்றோம். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அன்பர் ஒருவர் காபி கொடுத்து உபசரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "டிக்கெட்தான் விற்கிறீர்களே ஸார், அதற்கு மேல் நன்கொடை எதற்கு?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. அவர் மேஜைமீதே கணக்கைப் போட்டுக் காட்டினோம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, பாடகருக்கும் பக்கவாத்தியக்காரர் இருவருக்கும் சன்மானம், அவர்கள் வந்துபோக ரயில் செலவு, தங்குமிடம், சாப்பாடு. அத்தனை நாற்காலியும் நிரம்பினாலும் டிக்கெட் வரும்படி செலவில் பாதியை எட்டவில்லை. விலையை இரட்டித்துவிடலாமே என்றால், குழந்தைகளை அழைத்து வரும் குடும்பங்கள்தாம் முதலில் நின்றுவிடும்.

இது நம் சங்கத்துக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. நம் சங்கீதமும் நாட்டியமும் நுழைவுச்சீட்டை மட்டும் நம்பி வாழ்ந்த காலம் இருந்ததாகத் தெரியவில்லை. முன்னாளில் கோயிலும் அரண்மனையும் தாங்கின. அவற்றின் கை தளர்ந்தபோது சபைகள் தோள் கொடுத்தன. சபை என்பது லாபம் கருதாத கூட்டு. மிஞ்சினால் அதை எவரும் பங்கிட்டுக்கொள்வதில்லை; குறைந்தால் மட்டும் காரியதரிசிக்குத் தூக்கம் போய்விடும்.

ஊர்விட்டு வந்த நமக்கு இதில் வழிகாட்டியாக நிற்பது மும்பையின் ஸ்ரீ ஷண்முகானந்த சபை. 1952-இல் தொடங்கிய அச்சபை, 1963-இலேயே ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரக்கூடிய சொந்த மண்டபத்தைத் திறந்துவிட்டது. 1990-இல் அம்மண்டபம் தீக்கிரையாயிற்று. மறுபடி எழுப்பித் திறந்தது 1998-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் சபை கலைந்துபோகவில்லை என்பதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். மும்பையில் மனை விலை என்னவென்று அங்குள்ள உறவினரைக் கேட்டால் தெரியும். தனி ஒருவருடைய உடைமையாக இருந்திருந்தால், எரிந்த இடத்தில் மறுபடியும் ஒரு சங்கீத மண்டபந்தான் எழும்பியிருக்குமா என்பது சந்தேகமே. இன்று அச்சபை இசைப்பள்ளி நடத்துகிறது. சிறுநீரக நோயாளிகளுக்கான சிகிச்சை நிலையமும் வைத்திருக்கிறது.

மண்டபமே வேண்டாம் என்று தொடங்கியவர்களும் உண்டு. டில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத், அமெரிக்காவில் படித்த நாளில் நியூயார்க்கில் துருபத் இசையைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர். தாயகம் திரும்பி 1977-இல் ஸ்பிக் மேக்கே இயக்கத்தைத் தொடங்கினார். கல்லூரிக் கூடமும் பள்ளிக்கூட வராந்தாவுமே அதற்கு மேடை, மாணவர்களே தொண்டர்கள், கேட்க வருவோருக்குக் கட்டணமில்லை. எழுபது வயதைக் கடந்தபின், 2022-இல், அப்பேராசிரியர் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டார் என்பதை நம் இளைஞர் காதில் போட்டுவைக்கிறோம்.

இனி நம் விஷயம். கேட்டால் கிடைக்கும் உதவிகளைக் கேளாமலே விட்டுவைத்திருக்கிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்னும் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் பொதுப்பணிக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளின் பட்டியலில் கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் இருக்கிறது. நம் உறுப்பினருள் எத்தனை பேர் இத்தகைய கம்பெனிகளில் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள்! ஆயினும் அவர்கள் நம் பொருட்டு வாய்திறக்க முடியவில்லை. பிழை நம்முடையது. அப்பணத்தை நேரே பெற விரும்பும் சங்கம் முறைப்படி பதிவாகி, வருமானவரி இலாகாவின் அங்கீகாரமும் பெற்று, மூன்றாண்டுப் பணியையும் காட்டவேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்திலும் தனியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். நம் கணக்கோ இரண்டு நோட்டுப் புத்தகங்களிலும் பொருளாளரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. சுருதி சேர்க்க ஆள் கிடைத்துவிடுகிறார். கணக்குச் சேர்க்கத்தான் ஆளில்லை. ஓய்வு பெற்ற தணிக்கையாளர் எவரேனும் வாரம் இரண்டு மணி நேரம் ஈந்தால், அதுவும் பெரிய கச்சேரிக்கு நிகர்.

குழந்தைகளுக்கும் வழியிருக்கிறது. 1979-இல் மத்திய அரசு நிறுவிய பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம், 10 முதல் 14 வயதுவரையுள்ள பள்ளிச் சிறார் இசை, நடனம், நாடகம், ஓவியம் முதலிய கலைகளைக் கற்க உதவிச் சம்பளம் வழங்குகிறது. விண்ணப்பிக்கும் வேளை வரும்போது இப்பத்திரிகையிலேயே அறிவிப்போம். ஞாயிறு வகுப்பில் பாடும் குழந்தைகளின் பெற்றோர் பிறப்புச் சான்றிதழை இப்போதே தேடி எடுத்து வைப்பது நலம்.

மூன்றாம் மாடி அன்பரோ கணக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்கொடையோடு நிற்கவில்லை, ஒரு ரசீதுப் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, தம் அலுவலக நண்பர்களிடம் கேட்டுப்பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதை எழுதும் வேளையில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. மிருதங்க வித்துவானுக்குத்தான் இன்னும் ரயில் டிக்கெட் எடுக்கவில்லை.