பார்வதி புத்தனாறு ஏன் கறுத்துப்போகிறது?

திருவனந்தபுரம் வள்ளக்கடவுப் பக்கம் போனால் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். 1815 முதல் 1829 வரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் வெட்டிய படகுக் கால்வாயான பார்வதி புத்தனாற்றின் நாற்றம் அது.

பழியெல்லாம் அதில் கலக்கும் சாக்கடைக்கு மட்டுமா? கடலுக்கும் பங்குண்டு. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் முதலில் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு வேறொரு கூட்டம் கிளம்பும். அதற்கு மூச்சு விட ஆக்சிஜன் வேண்டாம், சல்பேட் போதும். கடல்நீரில் அது லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம். வேளிப் பொழி (கடலோடு சேரும் முகத்துவாரம்) திறக்கும்போது உப்புநீர் உள்ளே ஏறுகிறது.

இத்தனை சல்பேட் வந்ததே உயிர்களால்தான். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நுண்ணுயிர்கள் விட்ட ஆக்சிஜன் காற்றில் தங்கிய பிறகே, பாறைகளின் சல்பைடு சல்பேட்டாகிப் பெருமளவில் கடல் சேர்ந்தது.

கால்வாய் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டை மறுபடி சல்பைடாக்குகின்றன: ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறுகிறது. அதுதான் நாற்றம். செம்மண் தந்த இரும்போடு அது சேர்ந்தால் கரிய இரும்பு சல்பைடு. அந்தச் சேற்றை வெயிலில் பரப்பிவையுங்கள். காற்றுப் பட்ட மேல்பரப்பு மெல்லத் துருநிறமாகும்.

கழிவின் சத்தை உறிஞ்சிக் கால்வாயில் படரும் ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவிப்பது வீண்வேலை. அழுகியதும் அதன் சத்தெல்லாம் அடுத்த மழையில் மறுபடி நீருக்குள்தான்.