ஓட்டு இல்லாதவர்களும் ஊரின் பொறுப்பும்



நம் பாடகர் குழுவில் டெனர் பாடிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் சில மாதங்களாக ஆராதனைக்கு வரவில்லை. "முன்னே இருந்த தாகம் இப்போ இல்லை" என்று ஒருவர் சொன்னார். "பின்வாங்கிப் போயிட்டார்போல" என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டினேன். ஜெபக் குறிப்பிலும் அவர் பெயரைச் சேர்த்தோம்.

ஒருநாள் சல்வா ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் அவரை எதேச்சையாகப் பார்த்தேன். விசாரித்ததும் சிரித்தார். "தம்பி, கம்பெனியில கேம்ப்பை மாத்திட்டாங்க. நஜ்மாவுல இருந்தப்போ ஒரு பஸ்ல வந்துடுவேன். இப்போ தொழில்பேட்டைக்குள்ள ரொம்ப உள்ளே தள்ளி ரூம். வெள்ளிக்கிழமை காலையில பஸ் மாறி மாறி வந்து, மத்தியானம் டியூட்டிக்குத் திரும்பணும். எப்படி முடியும்? பாட்டை மட்டும் ரூம்லயே பாடிக்கிறேன்."

அவருடைய விசுவாசத்தில் குறை தேடிய நாங்கள், அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஒருவர் எங்கே குடியிருக்கலாம், அந்தத் தெருவுக்குப் பஸ் வருமா, சாக்கடைத் தண்ணீர் எப்போது வடியும் என்பதையெல்லாம் யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு நம் பாடகர் குழுவில் ஒரு நாற்காலியைக் காலியாக்கும்போதுகூட நமக்கு அது தெரிவதில்லை.

பலதியாவும் மன்றமும்

நாம் எல்லோரும் 'பலதியா' என்று சொல்லுவது நகராட்சியை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு அமைப்பு இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அது மத்திய நகராட்சி மன்றம். முதல் தேர்தல் 1999 மார்ச் 8-ஆம் தேதி நடந்தது. நாடு முழுவதும் 29 தொகுதிகள், தொகுதிக்கு ஒருவராக 29 உறுப்பினர்கள், நான்கு ஆண்டு பதவிக்காலம். அந்த முதல் தேர்தலிலேயே கத்தார் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள், போட்டியிடவும் செய்தார்கள். 2003-இல் ஷேக்கா அல் ஜுஃபைரி என்பவர் முதல் பெண் உறுப்பினர் ஆனார். கடைசியாக 2023 ஜூனில் தேர்தல் நடந்தது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2027-இல் வரவேண்டும்.

இந்த மன்றத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. சாலை, கட்டடம், கடை, குப்பை, பூங்கா போன்ற விஷயங்களில் சட்டம் சரியாக நடைமுறையாகிறதா என்று பார்ப்பதும், தொகுதி மக்களின் குறைகளைப் பேசி அமைச்சகத்துக்குப் பரிந்துரை அனுப்புவதும் அதன் வேலை. முடிவு அமைச்சகத்தின் கையில். ஓட்டு கத்தார் குடிமக்களுக்கு மட்டும்தான். நமக்கு இல்லை. இது அவர்கள் நாடு, நாம் வேலைக்கு வந்தவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டு இல்லாத காரணத்தால் அந்த முடிவுகள் நம்மைத் தொடாமல் போவதில்லை.

ஒரு சட்டம் நம் தெருவுக்கு வந்த விதம்

'குடும்பங்கள் இருக்கும் தெருவில் பேச்சிலர்கள் கூட்டமாகத் தங்கக் கூடாது' என்ற பேச்சு தோஹாவில் பழையது. மன்றத்திலும் பலமுறை பேசப்பட்டது. 2010-இல் அது 15-ஆம் எண் சட்டமாக வந்தது. குடும்பங்கள் வசிக்கும் குடியிருப்புப் பகுதிகளில் தொழிலாளர்களைக் கூட்டாகத் தங்கவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2019-இல் அதில் திருத்தமும் செய்தார்கள்.

சட்டத்தின் நோக்கம் குடும்பங்களுக்கு அமைதியான தெரு. ஆனால் நகருக்குள் பழைய வீடுகளில் தங்கியிருந்த ஆட்கள் எங்காவது போகவேண்டுமே? நகரின் ஓரத்தில் புதிய குடியிருப்புகள் எழும்பின. 2015 நவம்பரில் தொழில்பேட்டைப் பக்கத்தில் ஏறத்தாழ 70,000 பேர் தங்கும் 'லேபர் சிட்டி' திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ஏசியன் டவுன், கிரிக்கெட் மைதானம், சினிமா. பல கேம்ப்புகளை ஒப்பிட்டால் அது நல்ல இடம் என்று அங்கே இருக்கும் நம் அண்ணன்மாரே சொல்லுகிறார்கள். 2018-இல் தொழில்பேட்டைக்கென ஹஸம் மெபைரீக் மருத்துவமனையும் வந்தது. நன்மையான காரியங்களையும் நாம் நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. நிர்வாகக் கணக்கில் தொழில்பேட்டை 57-ஆம் மண்டலம். 2015 கணக்கெடுப்பில் அங்கே மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். 2019-இல் மெட்ரோ வந்தபோது நகரம் சுருங்கிவிட்டதுபோல நாம் மகிழ்ந்தோம். தொழில்பேட்டைத் தெருக்களுக்குள் அந்த ரயில் போகவில்லை. அங்கே இன்னமும் பஸ்ஸும் கம்பெனி வண்டியும்தான். வரைபடத்தில் பார்த்தால் அபு ஹமூரில் இருக்கும் நம் ஆலய வளாகமும் தொழில்பேட்டையும் பக்கம் பக்கமாகத் தெரியும். ஆனால் வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள் உள்ளவருக்கு, அதிலும் பாதி நாள் டியூட்டி இருப்பவருக்கு, அந்தத் தூரம் பெரிது.

குடும்பமாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு வில்லாவை அட்டைத் தடுப்பு வைத்து ஐந்தாறாகப் பிரித்து வாடகைக்கு விடுகிற 'பார்ட்டிஷன்' வீடுகளில் நம் சபையாரும் இருந்திருக்கிறார்கள். நகராட்சியின் அனுமதியின்றி கட்டடத்தை இப்படி மாற்றுவது விதிமீறல். தீப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து. சோதனை வரும்போது பிரித்துக் கட்டியவருக்கு அபராதம், குடியிருந்தவருக்கோ அடுத்த வாரமே வீடு தேடும் கஷ்டம். வாடகை குறைவு என்று கையெழுத்துப் போடும்முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1 முதல் 32 வரை

ஒரு முடிவு ஒரு பகுதியை எப்படித் தொடும் என்பதை 2020-இல் கண்ணால் பார்த்தோம். மார்ச் 17-ஆம் தேதி, கொரோனா பரவலால் தொழில்பேட்டையின் 1-ஆம் தெரு முதல் 32-ஆம் தெரு வரை மூடப்படும் என்று அறிவித்தார்கள். முதலில் இரண்டு வாரம் என்றார்கள். அது நீண்டது. மே 6-ஆம் தேதி முதல்தான் படிப்படியாகத் திறந்தார்கள். உணவும் மருந்தும் உள்ளே போயின, மனிதர் போக முடியவில்லை. 32-ஆம் தெருவில் இருந்தவர் உள்ளே, 33-ஆம் தெருவில் இருந்தவர் வெளியே.

ஆராதனையும் நின்றிருந்த அந்த நாட்களில் நமக்குக் கையில் இருந்தது போன் மட்டும்தான். யார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற விவரம் நம்மிடம் ஒழுங்காக இருந்திருந்தால் இன்னும் பலரை அழைத்துப் பேசியிருக்கலாம். அதை அன்று உணர்ந்தோம், பிறகு மறந்தும்விட்டோம். டெனர் அண்ணன் விஷயத்தில் அது மறுபடியும் நினைவுக்கு வந்தது.

செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள்

வேதத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டா? எண்ணாகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஒரு ஜனக்கணக்கு எடுக்கப்படுகிறது. இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எண்ணப்படுகிறார்கள். அந்த எண்ணிக்கையின்படிதான் வாக்குத்தத்த நாட்டில் நிலம் பங்கிடப்பட வேண்டும். மனாசே கோத்திரத்தில் செலொப்பியாத் என்பவருக்கு மகன் இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து மகள்கள். அவர்கள் பெயர் அந்த அதிகாரத்திலேயே வருகிறது, ஆனால் பங்கீட்டில் அவர்களுக்கு இடமில்லை. தொழில்பேட்டையின் ஜனக்கணக்கில் நம் அண்ணன்மார் இருக்கிறார்கள், வாக்காளர் பட்டியலில் இல்லை. ஏறக்குறைய அதே நிலைமை.

அடுத்த அதிகாரத்தில் அந்த ஐந்து பேரும் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். கூடாரத்துக்குள் உட்கார்ந்து முறுமுறுக்கவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வந்து மோசே, எலெயாசார், பிரபுக்கள், சபையார் எல்லோருக்கும் முன்பாக நின்றார்கள். தங்கள் தகப்பன் கோராகின் கலகக் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல என்று முதலில் உண்மை விவரத்தைச் சொன்னார்கள். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டார்கள். மோசே அதைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தர் சொன்னார். அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. அதோடு, அது இஸ்ரவேல் முழுமைக்கும் நியாயப்பிரமாணமானது.

கலகமும் ஒரு வழி, முறையீடும் ஒரு வழி. அவர்கள் முறையீட்டைத் தெரிந்துகொண்டார்கள். உரிய வாசலில், உரியவர்களிடம், உண்மையான விவரத்தோடு பேசினார்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, முறையான வாசலைத் தெரிந்துகொள்ளுங்கள். குப்பை, சுகாதாரம் போன்ற நகராட்சிக் காரியங்களுக்கு 184. சாலை, சாக்கடை, மழைநீர் போன்றவற்றுக்கு அஷ்கால் நிறுவனத்தின் 188. பேசும்முன் கட்டடத்தின் வாசலில் இருக்கும் நீலப் பலகையைப் பாருங்கள். மண்டலம், தெரு, கட்டடம் என்று மூன்று எண்கள் இருக்கும். "அந்தப் பெரிய கடைக்குப் பின்னாடி" என்றால் யாருக்கும் புரியாது. மூன்று எண்களையும் சொன்னால் ஆள் நேராக அங்கே வருவார். புகார் எண்ணைக் குறித்துவைத்துப் பின்தொடருங்கள்.

இரண்டாவது, வீடோ கேம்ப்போ மாறினால் தேசிய முகவரியை மெட்ராஷ் செயலியில் மாற்றிவிடுங்கள். 2017-இல் வந்த சட்டப்படி அது நம் கடமை. போனில் அதைச் செய்யத் தெரியாத மூத்த அண்ணன்மாருக்கு நம் பிள்ளைகள் உட்கார்ந்து செய்துகொடுக்கலாம். பத்து நிமிட வேலைதான்.

மூன்றாவது, கோபத்தில் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். பிறரை அனுமதியின்றிப் படம் எடுத்துப் பகிர்வது இந்த நாட்டில் குற்றம். நல்ல நோக்கத்தோடு செய்து வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தங்குமிடத்தில் பெரிய பிரச்சினை என்றால் தூதரகத்தின் கீழ் இயங்கும் ஐ.சி.பி.எஃப். போன்ற அமைப்பிடம் கொண்டுபோகலாம்.

நான்காவது, நம் சபையின் சொந்தப் பட்டியல். யார் எந்தத் தெரு, எந்த ஷிப்டு, வருவதற்கு வண்டி உண்டா என்று எழுதி வைப்போம். டெனர் அண்ணனுக்காக நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கார் வைத்திருக்கும் மூன்று குடும்பங்கள் வெள்ளிதோறும் முறை வைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் டியூட்டிக்கு நேரத்தோடு கொண்டுபோய் விடுகிறார்கள். இப்போது அவரோடு அவர் அறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.

நமக்கு ஓட்டு உள்ள ஊர்

இங்கே ஓட்டு இல்லை, சரி. ஓட்டு இருக்கும் ஊரில் என்ன செய்கிறோம்? தமிழ்நாட்டில் நகராட்சி, மாநகராட்சி மன்றங்களின் காலம் 2016-இல் முடிந்தபின் ஐந்து ஆண்டுக்கும் மேலாக வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் இருந்தது. 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல் நடந்தது. நாகர்கோவில் மாநகராட்சி ஆனபின் அதன் முதல் மன்றம் அப்போதுதான் அமைந்தது. அந்த ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தபோது, இங்கிருந்து அனுப்பிய பணத்தில் அதைக் கட்டிவிட்டு முணுமுணுத்தோம். அந்த மன்றங்களின் ஐந்தாண்டும் 2027-இல் முடிகிறது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ மூலம் வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஓட்டுப் போட மட்டும் நேரில் போகவேண்டும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. கிராம சபை கூடும் நாட்களில் ஆகஸ்ட் 15-ம் ஒன்று. நம்மில் பலர் லீவுக்கு ஊரில் இருக்கும் நாள் அது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் எழுந்து நின்று உங்கள் தெருவின் குடிநீரைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேசலாம். அன்று மாலை நண்பர்களோடு சுற்றப் போங்கள், காலையில் கிராம சபைக்குப் போய்விட்டு வாருங்கள்.

பாபிலோனில் இருந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை நாம் அறிவோம். அவர்கள் வாழ வந்த பட்டணத்தின் நன்மையைத் தேடவும், அதற்காக ஜெபிக்கவும் சொன்னார். அந்தப் பட்டணத்தின் நன்மையில்தான் அவர்கள் நன்மையும் இருக்கிறது என்றார். அவர்களுக்கும் அங்கே ஓட்டு இல்லை. நாம் ஜெபிக்கும்போது 'தோஹா' என்று மட்டும் சொல்லாமல், தெரு எண்ணையும் சொல்லி ஜெபிப்போம்.

இம்மாத வாலிபர் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. கடந்த ஆறு மாதத்தில் ஆராதனைக்கு வராமல் நின்றுபோன ஒருவரின் பெயரைச் சொல்ல முடியுமா? அவர் எங்கே தங்கியிருக்கிறார்?

2. உங்கள் கட்டடத்தின் நீலப் பலகையில் உள்ள மூன்று எண்கள் என்ன?

3. எண்ணாகமம் 27:1-11 வாசியுங்கள். அந்த ஐந்து சகோதரிகளின் விண்ணப்பத்திலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?

4. ஊரில் உங்கள் வார்டு எண்ணும், வார்டு உறுப்பினரின் பெயரும் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் அம்மாவிடம் கேட்டு வரவும்.